முன்பாயின் மூன்றாவது கயிறு

ஏலே சாளை,

கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றி வைத்த பேர் உனக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பேரைத் தோணி முதலாளியின் ஆபீஸ் காகிதத்தில் எழுதி, அதற்குப் பக்கத்தில் எழுதக் கூடாததையும் எழுதிவிட்டார்கள். அதனால் வீட்டுப் பேரைச் சொல்லியே கூப்பிடுகிறேன். பிறந்த அன்று எண்ணெய் தேய்த்து எடுத்தால் கையில் நிற்காமல் வழுக்கினாய். "சாளை மீனல்லா பெத்துப் போட்டிருக்கா" என்று உன் அப்பா சிரித்தார். இருபத்திரண்டு வயதில் நிலைப்படியில் தலை இடிக்கிற அளவு வளர்ந்த பிறகும், தெருமுனையில் நின்று நான் அப்படிக் கூப்பிட்டால் கூட வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, "எம்மா, மெதுவாக் கூப்பிடு" என்பாய். இப்போது சத்தமாகத்தான் கூப்பிடப் போகிறேன். இந்தக் கடிதத்தை மடித்து ஒட்டப் போவதில்லை. துறைமுக வாசலில் டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் கொடுக்கப் போகிறேன். அங்கே தினமும் காலையில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிப்பார், எல்லாரும் சண்டைச் செய்தி கேட்பார்கள். ஒருநாள் இதையும் கேட்கட்டும். கன்னியாஸ்திரிமார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் எழுதுகிற எழுத்து. கோணல் இருக்கும், பொய் இருக்காது.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன், கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தோணிக்கு நடுவில் பெரிய பாய். தோணியின் மூக்கை நாம் அணியம் என்போம். அந்த அணியத்திலிருந்து ஒரு மரம் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேலே முக்கோணமாக நிற்பது முன்பாய். பார்க்கச் சின்னதுதான், ஆனால் தோணியின் மூக்கைத் திருப்புவது அதுதான். அந்த முன்பாயின் பின்மூலையில் ஒரு கண் இருக்கும். நான் கித்தான் துணியை நான்கு மடிப்பு மடித்து, கயிற்று வளையம் வைத்து, மெழுகு தேய்த்த நூலால் தைத்துக் கொடுப்பேனே, அந்தக் கண். அதிலிருந்து வலப்பக்கம் ஒரு கயிறு, இடப்பக்கம் ஒரு கயிறு. தாமான் என்பார்கள். காற்று எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கத் தாமானை இழுத்துக் கட்ட வேண்டும். மற்றது தளர்ந்து கிடந்து தன் முறைக்குக் காத்திருக்கும். பாயெல்லாம் நன்றாக இருந்தும் அந்த மூலையில் பிடி விட்டால், தோணி மூக்கணாங்கயிறு அறுந்த மாடு.

முன்னே அந்தக் கண்ணில் இரும்பு வளையம்தான் மாட்டுவார்கள். கயிற்றை வளையத்தில் கட்டி, குறுக்கே ஆணி போட்டு முறுக்கிவிடுவார்கள். சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் பாய் திரும்புகிற நேரத்தில் அந்த மூலை காற்றில் படபடவென்று அடிக்கும். இரும்போடு அடிக்கும். உன் அப்பாவின் முன்பல் மூன்றைத் தட்டியது அந்த வளையம்தான். அதற்குப் பிறகு அவர் பேசினால் சீட்டி அடிக்கிற மாதிரி இருக்கும். பூசையில் "சர்வேசுரா" என்று சொல்லும்போது முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அவர் காய்ச்சலில் போனபோது உனக்குப் பதினாறு வயது. முதல் தடவை தோணியில் ஏறிய அன்றே நீ சொன்னது இரும்பு வேண்டாம் என்றுதான். கயிற்றையே கண்ணில் கோத்து முடிச்சுப் போடுவேன், அடித்தாலும் கயிறுதானே அடிக்கும் என்றாய். இரண்டு தாமானுக்கும் நீளமான ஒற்றைக் கயிற்றை நடுவில் மடித்து மாட்டலாம் என்று மாமா சொன்னதற்கும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. "ஒத்தக் கயிறுன்னா ஒண்ணு போனா ரெண்டும் போச்சு மாமா. ரெண்டு கயிறு, ரெண்டு முடிச்சு" என்றாய். என் தம்பி, அந்தத் தோணியின் தண்டல், பத்து வருஷமாகச் சுக்கான் பிடித்தவன், உன்னைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "ஏக்கா, ஒம்மவன் எனக்குத் தோணி ஓட்டப் படிச்சுத் தாராம் பாத்துக்கோ" என்றான். சொன்னானே தவிர, நீ சொன்னபடியே கட்ட விட்டான். அதையும் நான் மறைக்கப் போவதில்லை.

அந்த முடிச்சை நீ படித்த விதம் எனக்குத் தெரியும். அடுப்பங்கரைத் தூணில் இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, உடம்பை மல்லாக்கச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டுவாய். கயிற்றில் சின்ன வளையம் ஒன்று, நுனி கீழே இருந்து ஏறி, கயிற்றின் முதுகைச் சுற்றி, வந்த வளையத்துக்குள்ளேயே இறங்கும். இழுத்தால் இறுகும், ஆனால் கண்ணை நெரிக்காது. நுனியில் ஒரு சாண் வால் விடுவாய். அந்த வாலைக் கயிற்றோடு சேர்த்து என் நூலால் ஏழு சுற்றுச் சுற்றி முடிவாய். வியாகுல மாதாவுக்கு ஏழு துக்கம், அதற்காக ஏழு. நான் குழம்பு வைத்துக்கொண்டே, "தூண் சாயப் போவுது, காலை எடுலே" என்று கத்துவேன். "அணியத்து மரத்துல காலை இப்படிப் பின்னாம நின்னா கடல்லதாம்மா கெடக்கணும்" என்பாய். தூணில் உன் கால் தேய்த்த இடம் இன்னும் வழுவழு என்று இருக்கிறது. அதன்மேல் நான் சுண்ணாம்பு அடிக்க விடவில்லை.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். டீக்கடையில் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்கட்டும். கடைசிப் பயணத்துக்கு முந்தின சாயங்காலம் நீ ஒரு முழக் கயிற்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாய். சண்டை வந்ததிலிருந்து மணிலாக் கயிறு வருவது நின்றுபோயிருந்தது. அது முளைக்கிற ஊர் ஜப்பான்காரன் கையில் இருக்கிறது என்றார்கள். முதலாளி எங்கேயோ பழைய கயிற்றை வாங்கி, மேலே தார் பூசி, புதுக் கயிறு என்று கொடுத்திருந்தார். மேலுக்குக் கறுப்பாகப் பளபளவென்று பாம்பு மாதிரி இருந்தது. நீ புரியைப் பிரித்துக் காட்டினாய். உள்ளே உமி. விரலால் தேய்த்தால் மாவு மாவாக உதிர்ந்தது. "தாமானுக்கு இதைத் தந்திருக்காக. எப்படிம்மா கட்ட?" என்றாய். "மாமாட்ட சொன்னியா?" என்றேன். "சொன்னேன். வேற கயிறு இல்லேங்காவ. போயிட்டு வந்து மாத்துவோம்ங்காவ. நான் ஏற மாட்டேன்னு சொல்லப் போறேன்" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "தாய்மாமன் தண்டலா நிக்க தோணியில ஏற மாட்டேன்னு சொல்லுவியால? ஊரு என்ன பேசும்? கயிறு பாக்கது தண்டல் பாடு. நீ முடிச்சை ஒழுங்காப் போடு, போதும்" என்றேன். நீ என் கூடையிலிருந்து மெழுகு நூல் உருண்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனாய்.

பெற்றவள் என்று எத்தனையோ புத்தி சொல்லியிருக்கிறேன். வெறும் வயிற்றில் கடலுக்குப் போகாதே, வெள்ளிக்கிழமை கறி தின்னாதே, குடித்தவன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதே. அதெல்லாம் இருக்கட்டும். இந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கயிறு கெட்டது என்று கண்டவன்தான் அதைச் சொல்ல வேண்டியவன். தண்டல் மாமனாக இருந்தாலும், முதலாளி ஊருக்கே பெரிய மனுஷனாக இருந்தாலும், பெற்ற தாயே வாயை மூடு என்றாலும், ஏறாதே. உனக்கு இனி அது பயன்படாது. டீக்கடையில் நின்று கேட்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும்.

கொழும்பிலிருந்து திரும்புகிற வழியில், மணப்பாட்டுக்குத் தெற்கே, விடிகிற நேரத்தில் கிழக்கிலிருந்து மழையோடு கொண்டல் காற்று அடித்துத் தோணியைப் பாறைப் பக்கம் தள்ளியது. மூக்கைத் திருப்ப வேண்டிய நேரத்தில் முன்பாய் கைவிட்டது. தோணி பெரியதாழை மணலில் ஏறி உடைந்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் கரைக்கு வந்தார்கள். நீ வரவில்லை. இவ்வளவுதான் எனக்கு வந்த செய்தி. ஏழாம் நாள் பூசை முடிந்து திரும்பியபோது முதலாளியின் கணக்கப்பிள்ளை வாசலில் காகிதத்தோடு நின்றார். பின்னால் உன் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"துறைமுக ஆபீசுக்கு அனுப்பணும் ஆத்தா. முன்பாய்க் கயித்து முடிச்சு அவுந்ததால தோணி மோசம் போச்சு, கட்டினவன் கவனக்கொறவுன்னு போட்டிருக்கு. ஒங்க வீட்டு சார்பா ஒப்புக்கிட்டதுக்கு ஒரு கைநாட்டு வச்சாப் போதும்" என்றார்.

"முடிச்சு அவுந்துச்சுன்னு யாரு சொன்னா?" என்றேன்.

"தண்டலே சொல்லுதாரு. இரும்பு வளையத்தைக் கழத்திப் போட்டுட்டுக் கயித்தை நம்புனா இப்படித்தான். சின்னப் புள்ள வேலை."

நான் தம்பியைப் பார்த்தேன். "ஏலே, நீ சொன்னியா?" அவன், "மழையில ஒண்ணும் தெரியலக்கா. முடிச்சாத்தான் இருக்கும்" என்றான். அவன் கால் பெருவிரல் மண்ணைக் கிண்டிக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் கருப்பட்டி திருடினாலும் அதே விரல்தான் கிண்டும். கணக்கப்பிள்ளை மைத்தட்டைத் திறந்து என் கட்டைவிரலுக்குக் கை நீட்டினார். நான் அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தேன். கைநாட்டு வைக்க விட்ட இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக, "என் மகன் முடிச்சு அவிழாது" என்று எழுதி, கீழே என் பேரையும் எழுதினேன். "எழுதத் தெரியுமா ஆத்தா?" என்றார். "மூணாங்கிளாசு. உமக்கு இது போதும்" என்றேன். காகிதம் பாழாகிவிட்டது என்று முனகிக்கொண்டே போனார். மறுநாள் என் பேர் இல்லாமலே வேறு காகிதம் எழுதி அனுப்பிவிட்டார்களாம். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்குப் பாய் தைக்கிற வேலை வரவில்லை. தண்ணீர்க் குழாயில் குடம் வைத்தால் பேச்சு நின்றுபோகும். ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே, "முடிச்சுப் போடத் தெரியாதவன் தோணிக்கு எதுக்குப் போவணும்?" என்றாள். என் குடத்துத் தண்ணீரை அவள் காலில் ஊற்றிவிட்டு, வேறு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். வருத்தப்படுகிறாயா என்று கேட்டார். இல்லை சாமி என்றேன்.

அப்படி இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மீன் சந்தைக்குப் போனேன். பெரியதாழையிலிருந்து கருவாடு கொண்டுவருகிற ரோசம்மா உனக்குத் தெரியும், நெத்திலிக் கருவாடு அவளிடம்தான் வாங்குவோம். பெட்டியைக் கித்தானால் மூடி வைத்திருந்தாள். குனிந்து கருவாட்டைக் கிளற மூடியை விலக்கினேன். விரலில் என் தையல் பட்டது.

கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது. நான் கண் தைத்தால் ஐந்து தையல் நேராக, ஆறாவது தையல் சாய்வாகப் போடுவேன், என் அப்பா போட்ட மாதிரி. "ஏளா ரோசம்மா, இது ஒனக்கு ஏது?" என்றேன். "கரையில ஒதுங்குன பாயிக்கா. ஊர்ல ஆளுக்கொரு துண்டு அறுத்தாக. மூலை கனமா இருக்கு, பெட்டி மேல பறக்காம கெடக்கும்னு நான் எடுத்தேன். முடிச்சை அவுத்துக் கயித்தை எடுக்கலாம்னு எம்மாப்பிள்ளை ரெண்டு நாளா முக்குனாரு. பல்லு போனதுதான் மிச்சம்" என்றாள். நான் கருவாட்டுப் பெட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கருவாட்டைப் பனையோலையால் மூடிவிட்டு, கித்தானை உதறி மடித்து என் மடியில் வைத்தாள். "கொண்டு போக்கா. கொண்டு போ" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குக் கூடக் கொண்டுபோகவில்லை, சாளை. தோணிகள் கட்டிக் கிடக்கிற கரைக்கு நேராகப் போனேன். முதலாளியின் வேறொரு தோணிக்குத் தண்டலாக உன் மாமா நின்று மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். உன்னோடு வந்த ஏழு பேரில் நாலு பேர் அங்கேயே இருந்தார்கள். கணக்கப்பிள்ளையும் இருந்தார். கருவாட்டு நாற்றத்தோடு அந்த மூலையைச் சாக்கு மூட்டை மேல் விரித்தேன். "வாங்க, எல்லாரும் வந்து பாருங்க" என்றேன். வலது தாமான் முடிச்சு இருந்தது. ஏழு சுற்று நூல் இருந்தது. இடது தாமான் முடிச்சும் இருந்தது, அதிலும் ஏழு சுற்று. முடிச்சிலிருந்து ஒரு முழம் தள்ளி இடது கயிறு அறுந்திருந்தது. அறுந்த நுனி துடைப்பம் மாதிரி விரிந்து, உள்ளே அதே உமி. "கணக்கப்பிள்ளை அண்ணாச்சி, எந்த முடிச்சு அவுந்துச்சு? காட்டும்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கடல் தண்ணியில கெடந்தா எந்தக் கயிறும் உளுத்துப்போவும்" என்றார். "அப்போ பக்கத்துல கெடக்க இது ஏன் உளுக்கல?" என்றேன்.

கண்ணில் மூன்றாவதாக ஒரு கயிறும் இருந்தது, அதைத்தான் காட்டினேன். சந்தையில் அதை நான் சரியாகப் பார்க்கவில்லை, அங்கே விரித்தபோதுதான் பார்த்தேன். தாமான் இல்லை. கடல் தண்ணீர் மொள்ளுகிற வாளியில் கட்டுகிற தென்னங்கயிறு. உன் முடிச்சு. அதே வளையம், அதே ஒரு சாண் வால். நூல் சுற்று மட்டும் இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் கூட மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். நான் தம்பியிடம் மட்டும் கேட்டேன். "ஏலே, வாளிக்கயிறு முன்பாய்க்கு எப்படி வந்துச்சு?"

முதலில் பெருவிரல் மண்ணைக் கிண்டியது. அப்புறம் அதுவும் நின்றது. "அவந்தாங்க்கா கொண்டு போனான்" என்றான். "தாமான் அறுந்து பாய் அடிக்கி. நேர பாறை. நான் சுக்கானை விட முடியாது. வாளிக் கயித்தை அறுத்து ஒரு நுனியை இவனுக கையில குடுத்துட்டு, மறுநுனியை வாயில கவ்விக்கிட்டு அணியத்து மரத்துல ஏறுனான். வேண்டாம்லேன்னு கத்துனேன். கட்டிட்டான். இழுங்கன்னு ஒரு சத்தம் வந்துச்சு. இவனுக இழுத்தானுவ. மூக்கு திரும்பிச்சு. பாறைக்கும் எங்களுக்கும் ஒரு தோணி அகலம் இருக்காது. மணல்ல போயி ஏறினோம். திரும்பிப் பாத்தா மரத்துல ஆளு இல்ல." கயிற்றை இழுத்த இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள். அதில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். "பெறவு ஏம்ல முடிச்சுன்னு சொன்ன?" என்றேன். "கயிறுன்னு சொன்னா, மொதலாளி தந்த அந்தக் கயித்தைச் சரின்னு வாங்கிப் போட்ட தண்டல் நாந்தானேக்கா. இனிமே எவன் எனக்குத் தோணி தருவான்?" என்றான். என் காலில் விழ வந்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன். இன்னும் அவனோடு பேசவில்லை. ஏறு என்று சொன்ன நானும், கயிறு சரி என்று எடுத்த அவனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஆனால் நான் என் தப்பை என் வாயால் சொல்கிறேன். அவன் அதைச் செத்தவன் தலையில் கட்டினான். அந்த வித்தியாசத்தை அவன் மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்.

கணக்கப்பிள்ளை அந்த மூலையை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று கையை நீட்டினார். காட்ட வேண்டியவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்று சொல்லிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது நம் வாசல் ஆணியில் தொங்குகிறது. ஆபீஸ் காகிதத்தை இன்னும் மாற்றவில்லை. எவனுக்குச் சந்தேகமோ, வந்து மூன்று முடிச்சையும் இழுத்துப் பார்க்கட்டும். இரண்டு பேர் வந்து இழுத்துவிட்டும் போனார்கள், ஒருவன் வெளியூர்க்காரன். போன வாரம் முதலாளி புதுப் பாய்க்குக் கண் தைக்க ஆள் அனுப்பினார், இந்தக் கரையில் என்னை விட்டால் வேறு கை இல்லை என்று தெரிந்துகொண்டு. கயிற்றை முதலில் என் வாசலுக்குக் கொண்டுவரச் சொல், நடுவில் புரி பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவேன் என்றேன். "பொம்பள கயிறு பாக்கதா?" என்றான் வந்தவன். "ஆம்பள பாத்த கயிறுதான் ஆணியில தொங்குது, பாத்துட்டுப் போ" என்றேன். நேற்று கயிறு வந்தது. பிரித்துப் பார்த்தேன். நல்ல கயிறு. தைத்துக் கொடுப்பேன், அதில் ஏறுகிறதும் எவளோ ஒருத்தி பெற்ற பிள்ளைதானே.

எழுதி முடிக்கப் போகிறேன். தினமும் அந்த மூன்றாவது முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறேன். நானும் என் கையால் கட்டிப் பார்த்தேன். அடுப்பங்கரைத் தூணில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மறுகை மரத்தைப் பிடித்திருக்க ஒரு கையாலேயே கட்டிவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. வளையத்தை ஒரு கை பிடிக்க வேண்டும், நுனியை ஒரு கை சுற்ற வேண்டும். மரமோ மழையில் நனைந்து வழுக்கியிருக்கும், அந்த மூலை உன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்திருக்கும். இரண்டு கையும் முடிச்சில் இருந்தபோது, ஏலே சாளை, உன் கால் அந்த மரத்தில் பின்னிக்கொண்டுதானே இருந்தது?